வெள்ளை அடைப்பு நிற்காதா?

திருப்பத்தூரில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தால் போதும், பல் மருத்துவரின் படியேறும் முன்பே யோசனை வந்து சேர்ந்துவிடும். "வெள்ளை நிக்காதுத்தா, ரெண்டு வருசத்துல பேந்து வந்துரும். கடைவாய்க்கு வெள்ளியவே அடைச்சுக்க, காலத்துக்கும் கெடக்கும்." வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரைச் சொல்லவில்லை. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட, சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். இங்கிருந்து காரைக்குடி, சிங்கம்புணரி, கீழச்சிவல்பட்டி என்று எந்தத் திசையில் போனாலும் இதே பேச்சைக் கேட்கலாம்.

சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் வாயில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பட்ட அனுபவத்திலிருந்து அவர்கள் எடுத்த முடிவு தவறு. அந்தத் தவறுக்கு விலை பல். வெள்ளை நிற்காது என்று நம்புகிறவர், வெள்ளியும் இப்போது பல இடங்களில் அடைப்பதில்லை என்று தெரிந்ததும், "அப்ப வலிக்கிறப்ப பாத்துக்கலாம்" என்று திரும்பிவிடுகிறார். கடுகளவு இருந்த சொத்தை உள்ளே இறங்குகிறது. அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை வேர் சிகிச்சையாகிறது, அதற்கும் வசதியில்லாவிட்டால் பல்லையே பிடுங்குவதில் முடிகிறது. அதனால்தான் இந்தப் பேச்சை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், "வெள்ளை நிற்காது" என்பது. எந்த வெள்ளை? பல் மருத்துவர் வாயில் வைக்கும் வெள்ளைப் பொருள் ஒன்றல்ல. குறைந்தது மூன்று உண்டு, மூன்றுக்கும் வேலை வேறு. கிராம்பு வாசம் அடிக்கும் ஒன்று உண்டு: துத்தநாக ஆக்சைடையும் கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினாலையும் குழைத்து வைப்பது. அது தற்காலிகம். வலி அடங்குகிறதா என்று பார்க்க, சில வாரங்களுக்கென்று வைக்கிறார்கள். வலி நின்றதும் நம்மவர்கள் திரும்பிப் போவதில்லை. ஆறு மாதத்தில் அது உதிர்ந்ததும் "வெள்ளை விழுந்துருச்சு" என்று கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது, கிளாஸ் அயனோமர். 1970-களின் தொடக்கத்தில் வில்சன், கென்ட் என்ற இரு பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் உலகுக்குக் கொடுத்தது. பொடியையும் திரவத்தையும் குழைத்து வைப்பார்கள். விளக்கு இல்லாமலே தானாக இறுகும். ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பல்லோடு வேதியியல் முறையில் தானே ஒட்டும். ஃபுளோரைடும் கசியவிடும். குழந்தைகளின் பால்பல்லுக்கும், ஈறோரத்துச் சொத்தைக்கும், மின்சாரமே இல்லாத முகாம்களுக்கும் இதைப்போல் உபகாரமான பொருள் கிடையாது. ஆனால் இரண்டு கடைவாய்ப் பற்கள் மோதி அரைக்கும் அகலமான பள்ளத்தில் வைத்தால் தேயும், விளிம்பு நொறுங்கும். பள்ளி முகாமிலோ நெரிசலான வெளிநோயாளிப் பிரிவிலோ ஐந்து நிமிடத்தில் அடைத்த வெள்ளை பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவதுதான் காம்போசிட். பசைபோல இருப்பதைப் பல்லில் வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைப்பார்களே, அது. பிசினும் மிக நுண்ணிய கண்ணாடி, சிலிக்கா துகள்களும் சேர்ந்த கலவை. பெரும்பாலான வகைகளில் எடையில் முக்கால் பங்கு துகள்தான். முதலிரண்டின் தோல்வியை மூன்றாவதன் தலையில் கட்டியதுதான் ஊர்ப்பேச்சின் முதல் பிழை.

இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1955இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சிறிது அரித்துவிட்டால் பிசின் அதில் பற்றிக்கொள்கிறது என்று காட்டினார். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் அமிலத்தைப் பூசுவதிலிருந்து அவருக்குக் கிடைத்த யோசனை அது. 1962இல் ரஃபேல் போவன் பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை பெரும்பாலான காம்போசிட்டுகளின் அடித்தளம் அந்தப் பிசினோ அதன் உறவோதான். ஆனால் ஆரம்பகாலக் கலவைகளில் துகள்கள் பெரியவை. மெல்ல மெல்லப் பிசின் தேய்ந்து துகள் உதிர்ந்தது, மேல்பரப்பு சொரசொரத்தது, கடைவாயில் பள்ளம் விழுந்தது. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் எப்படி ஒட்டவைப்பது என்பதும் அப்போது பிடிபடவில்லை. ஜப்பானில் நகபயாஷி 1982இல், பிசின் டென்டினின் கொல்லாஜன் வலைக்குள் ஊடுருவி ஒரு கலப்பு அடுக்கை உண்டாக்குவதை விளக்கிய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஆகவே 1980-களில் கடைவாயில் வெள்ளை அடைத்துக்கொண்ட ஒருவர் "நிற்காது" என்று சொல்லியிருந்தால் அது சரியான சாட்சியம். அதே சாட்சியத்தை வைத்துப் பேரனின் பல்லுக்குத் தீர்ப்புச் சொல்வதுதான் சரியில்லை.

இப்போதைய கணக்கு என்ன? நெதர்லாந்தின் ஓப்டாம் குழுவினர், பல நாடுகளின் நீண்டகால ஆய்வுகளில் இருந்த ஒவ்வொரு அடைப்பின் தரவையும் ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிட்டார்கள். கடைவாய்ப் பற்களின் காம்போசிட் அடைப்புகள் ஐந்தாண்டு அளவில் ஆண்டுக்கு 1.8 விழுக்காடும், பத்தாண்டு அளவில் ஆண்டுக்கு 2.4 விழுக்காடும் தோற்றன. அப்படியென்றால் நூறு அடைப்பில் ஏறக்குறைய 80 பத்தாண்டு கழித்தும் வாயிலேயே இருக்கும். பிரேசிலில் ஒரே மருத்துவமனையில் போட்ட கடைவாய் அடைப்புகளை 22 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்விலும் ஆண்டுத் தோல்வி 2 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. ரெண்டு வருசத்துல பேந்து வரும் என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் வெகுதூரம்.

அப்படியானால் உண்மையான காம்போசிட்டே ரெண்டு வருசத்தில் விழுந்த வாய்களும் இருக்கின்றனவே? இருக்கின்றன. அங்கே குற்றம் பொருளில் இல்லை, வைத்த விதத்தில். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

முதல் எதிரி எச்சில். அமிலம் வைத்துக் கழுவிய பல்லில் ஒரு சொட்டு எச்சிலோ ஈறிலிருந்து ரத்தமோ பட்டால், காம்போசிட்டைப் பல்லோடு பிணைக்கும் பசை பிடிக்காது. கண்ணுக்குப் பிடித்ததுபோலத் தெரியும். விளிம்பில் மயிரிழை இடைவெளி இருக்கும். அதன் வழியாகக் கிருமி இறங்கும். இதற்கான தீர்வு புதிதல்ல. 1864இல் நியூயார்க்கில் சான்ஃபோர்டு பார்னம் என்ற பல் மருத்துவர் கண்டது: பல்லுக்கு மட்டும் துளையிட்ட மெல்லிய ரப்பர் விரிப்பு. அதை மாட்டினால் வேலை நடக்கும் பல் மட்டும் விரிப்புக்கு மேலே காய்ந்து நிற்கும், நாக்கும் எச்சிலும் அடியில் அடங்கிக் கிடக்கும். மாட்டச் சில நிமிடம் பிடிக்கும். நோயாளி "மூச்சு முட்டுது" என்பார். அந்தச் சில நிமிடத்தைச் சேமிக்கப்போய்ப் பல வருடத்தை இழக்கிறோம். ரப்பர் விரிப்பு மாட்ட முடியாத இடத்தில் பஞ்சுச் சுருளும் நல்ல உறிஞ்சியும், பக்கத்தில் நிற்கும் உதவியாளரும் வேண்டும்.

அடுத்தது அமிலம். இப்போது பயன்படுத்துவது 37 விழுக்காட்டுப் பாஸ்பாரிக் அமிலம், நீல நிற ஜெல்லாக வரும். எனாமலில் அரை நிமிடம் வரை இருக்கலாம். டென்டினில் 15 விநாடியைத் தாண்டக்கூடாது. கழுவிய பிறகு டென்டினைக் காற்றடித்து வறண்டுபோகச் செய்தால் அந்தக் கொல்லாஜன் வலை படிந்துவிடும், பசை உள்ளே போகாது. ஈரம் நின்றாலும் கெடுதல், அறவே காய்ந்தாலும் கெடுதல். பசையைப் பூசித் தேய்த்து, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்வரை மெல்லக் காற்று ஊதி, அதன்பிறகே விளக்கு. மூடியைத் திறந்தே வைத்த பசைப் புட்டியில் கரைப்பான் முன்னமே பறந்திருக்கும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். புட்டியையும் காம்போசிட் குழலையும் தயாரிப்பாளர் சொன்ன குளிர்ச்சியில் வைத்திருக்கிறார்களா என்பது சின்ன விஷயமல்ல.

பிறகு அடைப்பது. காம்போசிட் இறுகும்போது சுருங்கும். கன அளவில் பொதுவாக 2 முதல் 3 விழுக்காடு வரை. பள்ளம் முழுவதையும் ஒரே அப்பாக அப்பி விளக்கைக் காட்டினால் அந்தச் சுருக்கம் பல்லின் சுவர்களை உள்ளே இழுக்கும். அல்லது பசை விட்டுப்போகும். விளக்கின் ஒளியும் ஆழத்துக்கு இறங்காது. மேலே கல்லாக இருக்கும், அடியில் பிசுபிசுப்பாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் சுவர்ப் பூச்சு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பை மெல்லிய பூச்சாகப் பூசி, அது இறுகிய பிறகு அடுத்த பூச்சு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த வெள்ளைப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள் கொத்தனார்கள். நூறு வருடம் கழித்தும் அந்தச் சுவரில் முகம் தெரிகிறது. காம்போசிட்டும் அப்படித்தான்: 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, கடைசியில் மெருகு. இப்போது 4 மில்லிமீட்டர்வரை ஒரே அடுக்காக வைக்கத்தக்க வகைகளும் வந்துள்ளன. அவற்றுக்கும் தங்கள் அளவு உண்டு.

அந்த விளக்கும் விளக்காக இருக்க வேண்டும். காம்போசிட்டை இறுகச் செய்யும் கேம்ஃபர்குவினோன் என்ற பொருள், 468 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைத்தான் விழுங்கும். பழைய விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் சக்தி குறைந்திருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்கும் கருவி வேண்டும். முனை பல்லைவிட்டுத் தள்ளிப் போகப்போக ஒளி மெலியும். கடைவாயின் கடைசிப் பல்லில் வாயை அகலத் திறக்க முடியாத நோயாளிக்கு இது நிஜமான சிக்கல். இந்த விளக்கு லேசர் என்றும் எக்ஸ்ரே மாதிரி என்றும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வரி: இரண்டும் இல்லை, பிரகாசமான நீல ஒளி மட்டுமே. அதை உற்றுப் பார்க்காதீர்கள். ஆரஞ்சு நிறத் தடுப்பு அதற்குத்தான்.

கிராம்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பல் வலிக்குக் கிராம்புத் தைலப் பஞ்சை வைத்துக்கொண்டு வருவது நம் வீடுகளின் பழக்கம். வலியை அது அடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள யூஜினால் பிசின் இறுகுவதைத் தடுக்கக்கூடியது. வைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் சுத்தமாகத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.

இரண்டு பல்லுக்கு இடையில் சொத்தை என்றால் வேலை இன்னும் நுட்பம். வளைந்த தகடு வைத்து, சின்ன மரச் செருகால் இறுக்கி, பக்கத்துப் பல்லைத் தொடும்படி அடைக்க வேண்டும். தொடாமல் விட்டால் ஒவ்வொரு ஞாயிறும் கோழி நார் அங்கே சிக்கும். குச்சியால் குத்திக் குத்தி ஈறு புண்ணாகும், அடியில் புதுச் சொத்தை வரும். அப்போதும் பழி வெள்ளையின் மீதுதான்.

சரி, வெள்ளி? "வெள்ளிதான் உறுதி" என்பதில் பாதி உண்மை. நாம் வெள்ளி என்று சொல்வதில் எடையில் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் கோடிக்கணக்கான வாய்களில் அது அரைத்துத் தந்திருக்கிறது. ஈரத்தைப் பொறுக்கும், அவசரத்தைப் பொறுக்கும், கைத்திறன் குறைந்தாலும் ஓரளவு தாங்கும். காக்ரேன் நிறுவனத்தின் தொகுப்பாய்வு, காம்போசிட்டுக்குத் தோல்வியும் மறுசொத்தையும் வெள்ளியைவிட அதிகம் என்றே சொல்கிறது. அது முக்கியமாக நம்பியது குழந்தைகளிடம் நடந்த இரண்டு சோதனைகளை; ஆதாரத்தின் தரம் உயர்ந்ததல்ல என்றும் அதுவே எழுதுகிறது. மறைக்காமல் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரம் இதுதான். ஓப்டாம் குழுவின் 2010ஆம் ஆண்டு ஆய்வு இதற்குள்ளே இருக்கும் முடிச்சை அவிழ்க்கிறது. பன்னிரண்டு வருடம் பார்த்ததில், சொத்தை எளிதில் வராத வாய்களில் பெரிய காம்போசிட் அடைப்புகள் வெள்ளியைவிட நன்றாக நின்றன. அடிக்கடி சொத்தை விழும் வாய்களில் பெரிய அடைப்புகளுக்கு வெள்ளி முந்தியது.

ஆகவே கேள்வி வாயைப் பற்றியது. அதிரசமும் சீயமும் மாவுருண்டையும் கல்யாண வீட்டில் சாப்பிடுவதால் பல் போகாது. வேளை தவறாமல் வாயில் இனிப்பு ஊறிக்கொண்டே இருப்பதால் போகும்: நாளைக்கு ஏழெட்டுத் தடவை சர்க்கரை போட்ட காபி, இடையிடையே மிட்டாய், இரவில் துலக்காமல் படுப்பது. அப்படிப்பட்ட வாயில் எந்த அடைப்பின் ஓரத்திலும் சொத்தை திரும்பி வரும். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவருக்கு அடைப்பு கறை பிடிக்கும், பல்லே தேயும். கறையை மெருகேற்றி எடுத்துவிடலாம், புகையிலை செய்யும் மற்றதை எடுக்க முடியாது.

வெள்ளிக்கு ஒரு கடன் உண்டு, ஊர்ப்பேச்சில் அது வருவதில்லை. வெள்ளி பல்லோடு ஒட்டாது. அது நிற்க வேண்டுமானால் பள்ளத்தின் அடியை வாயைவிட அகலமாகக் குடைய வேண்டும். அதற்காக நல்ல பல்லையும் அறுக்க வேண்டும். வருடங்கள் போகப்போக அந்த மெலிந்த சுவர் ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது விண்டு வரும். "வெள்ளி அப்படியே இருக்கு, பல்லுதான் ஒடஞ்சிருச்சு" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அடைப்பு பிழைத்துப் பல் செத்தால் அது எப்படி வெற்றி ஆகும்? காம்போசிட்டுக்குச் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். பின்னால் ஓரம் சேதமானாலும் முழுவதையும் பெயர்க்காமல் அந்த இடத்தை மட்டும் செப்பனிடலாம்.

இதன் மறுமுனையில் இன்னொரு பேச்சும் வேகமாகப் பரவுகிறது: "வெள்ளியில பாதரசம் இருக்கு, விஷம், எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டு வெள்ளை போட்டுக்க." இதுவும் தவறு. வாயில் நல்லபடியாக இருக்கும் வெள்ளி அடைப்பைக் காரணமில்லாமல் குடைந்தால் அப்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். நல்ல பல்லும் சேர்ந்து போகும். உடைந்தாலோ அடியில் சொத்தை வந்தாலோ மாற்றுங்கள். உலகம் வெள்ளியைக் கைவிடுவதற்கு முக்கியக் காரணம், மருத்துவமனையிலிருந்தும் சுடுகாட்டிலிருந்தும் பாதரசம் நீரிலும் காற்றிலும் சேர்வது. ஜப்பானின் மினமாட்டா ஊர் பட்ட பாட்டை நினைவில் வைத்துப் பெயரிட்ட பாதரச ஒப்பந்தம் 2013இல் உருவானது, 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018 ஜூனில் ஏற்றது. 2022இல், 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் வெள்ளி அடைப்பதைத் தவிர்க்கும்படி முடிவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஜெனீவாவில் கூடிய ஒப்பந்த நாடுகள் 2034ஐக் கடைசி எல்லையாக வைத்தன.

"அடைச்சதுலேர்ந்து கூசுது, அதனால வெள்ளை ஆகாது" என்பது அடுத்தது. சில நாள் கூச்சம் இருக்கலாம். நீடித்தால் காரணம் உண்டு: அடைப்பு ஒரு கடுகளவு உயரமாக இருந்து கடிக்கும்போது இடிக்கலாம், டென்டின் அதிகம் காய்ந்திருக்கலாம், ஒரே அப்பாக வைத்ததில் சுருக்கம் இழுக்கலாம், சொத்தை நரம்பை முன்பே தொட்டிருக்கலாம். முதலாவதைக் கலர்த் தாளைக் கடிக்கச் சொல்லிக் கண்டுபிடித்து இரண்டு நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்வார்கள். மரத்துப்போன வாயோடு வீட்டுக்குப் போனதால் அன்று தெரியாதது மறுநாள் சோற்றில் தெரியும். அதற்காகத் திரும்பிப் போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அழகுக்கு மட்டும்தான் காம்போசிட் என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். பல்லோடு ஒட்டிப் பல்லைக் காப்பது அதன் முதல் வேலை. நிறம் ஒத்துப்போவது கூடுதல் லாபம்.

அதற்கு எல்லையும் உண்டு. பல்லின் மேடுகள் உடைந்து, வேர் சிகிச்சையும் செய்து, ஓடு மட்டும் மிஞ்சிய கடைவாய்ப் பல்லில் காம்போசிட்டை மலைபோலக் குவித்து விட்டால் அது நிற்காது. அங்கே மூடி போட வேண்டும். செலவைக் குறைக்க அதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு "வெள்ளை உடஞ்சிருச்சு" என்பது நியாயமில்லை.

செலவு என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல காம்போசிட் அடைப்புக்குப் பொருளைவிட நேரம்தான் அதிகம் ஆகிறது. ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குக் காசு கேட்கத்தான் செய்வார்கள். கூலி வேலைக்குப் போகிறவரிடம் "நல்லதாப் பாத்து அடைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அதனால் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நோயாளியோ தனியார் மருத்துவரோ அல்ல, அரசு. 2023இல் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். அங்கே படித்து வருகிறவர்கள் நம் பக்கத்து அரசு மருத்துவமனைகளிலும் உட்காருவார்கள். அவர்கள் கையில் வேலை இருக்கும். ரப்பர் விரிப்பும், சக்தி அளந்த நீல விளக்கும், ஓயாமல் இழுக்கும் உறிஞ்சியும், ஓர் உதவியாளரும், ஒரு பல்லுக்கு ஐந்து நிமிடத்துக்குப் பதில் முக்கால் மணி நேரமும் திருப்பத்தூர் போன்ற ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் வேண்டும். வெள்ளி 2034இல் கையைவிட்டுப் போகும்போது கூலிக்காரர் வாய்க்கு மிஞ்சுவது பிடுங்கும் இடுக்கி மட்டுமே என்று ஆகாமல் இருக்க, அந்தக் கருவிகளை இப்போதிருந்தே வாங்கத் தொடங்க வேண்டும்.